அடுப்பு பற்றுவதற்கு முன்

இதை நான் தப்பாகத்தான் சொல்லிவிடுவேன். பெரிய டீச்சர் ஒன்பதே கால் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். இறங்கி, குடையை மடக்கி வராந்தா ஆணியில் மாட்டி, கைப்பையை மேஜையில் வைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகள் சூழ்ந்துகொள்ளும். எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மறதி என்று ஆரம்பித்தால், "ஒனக்கு மட்டுமா ஆவுடை, நான் கண்ணாடிய மூக்குல போட்டுக்கிட்டே வீடு பூரா தேடுதேன்" என்று சிரித்துவிடுவார்கள். அவர்கள் சிரித்தால் நானும் கூடச் சிரிப்பேன், அத்தோடு போயிற்று. தலையில் அடிபட்டது என்று ஆரம்பித்தால், எப்போது என்பார்கள். போன வருஷம் கார்த்திகையில் என்பேன். பதினாலு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது என்ன என்பார்கள். மூளை என்ற சொல்லை எடுத்தால் அது பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டி எனக்கு முன்னால் என் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அடுப்பு கேஸ் என்று ஆரம்பித்தால் வேலை போகும். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் சாப்பிடுகிற இடம். நான் டீச்சராக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஆறாவதோடு நின்றவள் நான், ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வரிசையாகச் சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. இப்போது எனக்கு வந்திருக்கிற நோயே அந்த வரிசைதான். வரிசை கெட்டுப்போனதை வரிசையாக எப்படிச் சொல்வது?

மணி எட்டு ஐம்பது. சத்துணவுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் அமைப்பாளருக்கு மூன்று பள்ளிக்கூடம், வியாழக்கிழமை இங்கே வரமாட்டார். இன்றைக்குள்ளதைச் செவ்வாய்க்கிழமையே எடை போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் என் முன்னால்தான் இருக்கிறது. தகரத்தில் அரிசி, சட்டியில் பருப்பு, அட்டையில் முட்டை, அரைப் பூசணிக்காய், புளி, மிளகாய்த்தூள், உப்பு. பன்னிரண்டு வருஷமாக நான் ஆக்குகிற சாம்பார் சாதம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆக்குவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். அரிசியைக் களைவோம் என்று நினைக்கிறேன். நினைத்த உடனே பருப்பு என்னைப் பார்க்கிறது, என்னை இன்னும் ஊறப்போடவில்லையே என்கிறது. பருப்புக்குக் கை நீட்டினால் முட்டை. முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும், மிதந்தால் கெட்டது. அதற்கு வாளி வேண்டும். வாளி குழாயடியில் இருக்கிறது. குழாயடிக்குப் போனால் அரிசியையும் கொண்டுபோய் விடலாமே. அப்படியானால் அரிசிதானே முதலில்? மறுபடியும் அரிசியில் வந்து நிற்கிறேன். எழுந்திரு என்கிறேன் என்னிடம். காலுக்கு வலி இல்லை, இடுப்புக்கு நோவு இல்லை, எழுந்திருக்க எனக்கு மனசும் இருக்கிறது. ஆனால் மனசு சொல்வதற்கும் கால் கேட்பதற்கும் நடுவில் யாரோ ஒருவர் இருந்து கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, அந்த ஆள் இன்றைக்கு வரவில்லை. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது என்னவாகத் தெரியும்? ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருக்கிறாள். வேலை நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். என் வீட்டுக்காரர் தறியிலிருந்து வந்து பார்க்கும்போது நான் இப்படித்தான் இருப்பேன், உலை வைக்காமல், விளக்கைப் போடாமல். "ஏட்டி, ஒனக்குக் கொழுப்பு" என்பார். கொழுப்பு என்று அவர் சொன்னபோது நானும் கொழுப்புதான் என்று நினைத்தேன். பதினாலு மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

மாரிக்கனி வந்தால் சரியாகிவிடும். அவள் எனக்கு உதவியாள், பாத்திரம் கழுவ, காய் நறுக்க, பிள்ளைகளுக்குப் பரிமாற. அவள் ஒரு சொல் சொன்னால் போதும், "யக்கா, அரிசி" என்றால் போதும், நான் எழுந்துவிடுவேன். ஆனால் வியாழக்கிழமை அவள் தெருவில் குடிதண்ணீர் வரும் நாள், ஒன்பதரைக்குத்தான் வருவாள். "நான் வாரது வரைக்கும் அடுப்பத் தொடாதீங்க, என்ன?" என்று முந்தாநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டு, நான் சரி சொன்ன பிறகும் மறுபடி, "சத்தியமா?" என்றாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னிடம் சத்தியம் வாங்குகிறாள். கோபமாகத்தான் வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அண்டாவில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. கேஸ் திருகைத் திறந்தேன். தீப்பெட்டியை எடுக்கத் திரும்பினபோது அரிசி களையாமல் கிடப்பது கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதுதான் தாமதம், அதைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். மூன்று தண்ணீர் களைந்தேன், கல் பார்த்தேன், உமி ஒதுக்கினேன். பதறாமல், நிதானமாக. திருகு திறந்திருக்கிறது என்பது எனக்கு மறந்துபோகவில்லை, அதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. யாராவது வந்து, ஆவுடை, அடுப்புத் திருகு திறந்திருக்கிறதா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. என்னை நானே கேட்டுக்கொள்கிற இடம் ஒன்று உள்ளே இருந்தது, அது கேட்கவில்லை. திரும்பி வந்தேன், குச்சியை உரசினேன். தரையிலிருந்து நீலமாக ஒரு போர்வை எழுந்து வந்தது. சத்தம் கூட அதிகமில்லை, துணியை உதறினாற்போல ஒரு சத்தம். முட்டை அட்டையோடு உள்ளே வந்துகொண்டிருந்த மாரிக்கனி அட்டையை அப்படியே போட்டுவிட்டு என் கொண்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். என் புருவம் கருகிப்போனது. அவள் சேலை ஓரம் ஒரு முழத்துக்குப் பொசுங்கிவிட்டது. அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு, ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், நிறுத்தவே இல்லை. அவர்களுக்கு எதுவும் தெரியாது. மாரிக்கனி சேலையை அவிழ்த்து, பொசுங்கின ஓரம் உள்ளே போகிற மாதிரி கொசுவத்தை மாற்றி மடித்துக் கட்டிக்கொண்டாள். கட்டி முடித்துவிட்டு, "யக்கா, நான் பத்தவச்சா அது அடுப்பு, நீங்க பத்தவச்சா சொக்கப்பனை" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு அவள் முகம் மாறிவிட்டது. "நாளைக்கு உள்ளூர் லீவுதானே. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. போகலேன்னா நானே டீச்சர்கிட்ட சொல்லிருவேன்."

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவள் என் இடத்துக்கு வரப் பார்க்கிறாள் என்று தோன்றியது. நான் போனால் சமையலர் இடம் காலி, அவளுக்குத்தான் வரும். வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரும் அதையேதான் சொல்வார், சொன்னார். "அவ ஒன்னயப் பைத்தியம்னு சொல்ல வச்சுட்டு அந்த இடத்துல ஏறி ஒக்காந்துக்கிடுவா, பாத்துக்கோ." அப்புறம் யோசித்தேன். யோசித்தேன் என்றால், அந்த நினைப்பு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடி மறுபடி அதே இடத்தில் தட்டியது. எந்த இடம் என்றால், ஒரு வருஷமாக என் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிற இடம். பிள்ளைகளுக்குப் போடும் முன் பெரிய டீச்சர் ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்துவிட்டு ஏட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கம். ஒரு நாள் கூட அவர்கள் முகம் சுளித்ததில்லை. நான் உப்புப் போட்டேனா, இரண்டு தரம் போட்டேனா என்று எனக்கே தெரியாத நாட்களிலும் சுளித்ததில்லை. அப்படியென்றால் எனக்குப் பின்னால் நின்று யாரோ சரி பண்ணியிருக்கிறார்கள். இடத்தைப் பிடிக்க நினைக்கிறவள் ஒரு நாள் உப்பை அப்படியே விட்டிருந்தால் போதுமே. இதை யோசித்து முடித்தபோது விடிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மாடியில் ஒரு அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு சின்ன வயதுப் பொம்பளைப் பிள்ளை, என் மகளைவிடச் சிறியதாக இருக்கும், கழுத்தில் டாக்டர் குழாய் இல்லை, மேஜையில் காகிதமும் டப்பாக்களும். "உக்காருங்கம்மா. அவசரமே இல்ல" என்றது. அவசரம் இல்லை என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் தூக்கத்தைக் கேட்டது. சர்க்கரை உண்டா, அழுகை வருகிறதா, மாதவிலக்கு நின்றுவிட்டதா, சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று கேட்டது. சின்ன வயதில் நான் பீடி சுற்றினேன் என்றேன், ஒரு நாளைக்கு ஆயிரம், இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஒன்று கூடப் பிசகாது. எழுதிக்கொண்டது. "டீ எப்படிப் போடுவீங்க, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க." சொன்னேன். பால், தண்ணீர், தூள், சீனி, கொதி, வடி. ஒன்று கூட விடவில்லை. பாஸாகிவிட்டேன் என்று நினைத்தேன். "ரொம்பச் சரி. இப்ப செஞ்சு காட்டுங்க" என்று, டீ இல்லை, ஒரு கடிதாசி, ஒரு கவர், பசை, ஸ்டாம்ப், மேல்விலாசம் எழுதின சின்னச் சீட்டு, எல்லாவற்றையும் முன்னால் வைத்தது. அனுப்புகிற மாதிரி தயார் பண்ணச் சொன்னது. இவ்வளவுதானா என்று பசையை எடுத்துக் கவர் வாயில் தடவி அழுத்தி ஒட்டினேன். ஸ்டாம்பை ஒட்டினேன், நேராக, அழகாக. சீட்டை ஒட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். கடிதாசி மேஜையிலேயே கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அது சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நானும் நிறுத்திக்கொண்டேன். "சொல்லத் தெரியுது. செய்யவும் தெரியுது. எதுக்கப்புறம் எதுன்னு பிடிச்சு நடத்துறதுலதான் தடங்கல். இது சோம்பேறித்தனம் இல்லம்மா" என்றது. அந்தக் கடைசிச் சொல்லை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, கண்ணை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே நீட்டியது. "என்ன வாசம்?" ஒன்றும் இல்லை என்றேன். அடுத்த டப்பா. ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் ஒன்று காப்பித்தூள், இன்னொன்று கிராம்பு. சளி பிடித்திருக்கிறது என்றேன். "எத்தனை நாளா?" அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். கார்த்திகையிலிருந்து.

கார்த்திகையில் நாங்கள் ரேஷன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார், பின்னால் நான், மடியில் அரிசிப் பை, இரண்டு கையும் பையைப் பிடித்திருந்தது. புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள், வெள்ளை அடிக்கவில்லை. வண்டி குதித்தது, நான் பின்பக்கமாக மல்லாந்து விழுந்தேன். பின்மண்டையில் ஆறு தையல். ஸ்கேன் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தையல் பிரித்த பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டேன். அடி பின்னால் பட்டது, காயம் ஆறிவிட்டது, முடியும் முளைத்துவிட்டது, கதை முடிந்தது என்றுதான் இருந்தேன். அந்தப் பிள்ளை ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, வேகமாகத் தள்ளி, டக்கென்று நிறுத்திக் காட்டியது. தண்ணீர் முன்பக்கம் எம்பி மேஜையில் சிந்தியது. "அடி ஒரு பக்கம், குலுங்குறது எதிர்ப்பக்கம். உங்க நெத்திக்குப் பின்னால குலுங்கியிருக்கு. வாசனை நரம்பு அங்கதான் போகுது, அதுவும் அறுந்திருக்கலாம். மெல்லிசான காயம் ஸ்கேன்ல தெரியாமப் போறது உண்டு. எதுக்கும் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்." சிந்தின தண்ணீரைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற இடம் என்ன செய்யும் என்று கேட்டேன். அது நிறையச் சொன்னது. எனக்குப் புரிந்ததை எனக்குத் தெரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் ஒருவர் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். அவர் பஸ் ஓட்ட மாட்டார், டிக்கெட் கிழிக்க மாட்டார். நீ கிளம்பு, நீ நில், நீ பின்னால் எடு என்பதோடு சரி. அவர் ஒரு நாள் வரவில்லை என்றால் பஸ்ஸுக்கு ஒரு குறையும் இல்லை, டிரைவருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்று, எல்லாம் நின்றுகொண்டே இருக்கும். இல்லையென்றால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி முட்டிக்கொள்ளும். என் விரலுக்கு இன்றைக்கும் இலையும் தூளும் கொடுத்தால் பீடி சுற்றும். என் நாக்கு சாம்பாருக்கு வேண்டியதைத் தப்பில்லாமல் ஒப்பிக்கும். கூண்டுதான் காலி.

இது அடிபட்டவர்களுக்கு மட்டும் இல்லையாம். பக்கவாதம் வந்தவர்களுக்கும் வரும், மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்கும் வரும், மனசு ரொம்ப ஒடிந்துபோனவர்களுக்குக் கொஞ்ச நாளைக்கு வரும், சிலருக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கும். பிறந்ததிலிருந்தே என்றதும் எனக்கு மூன்றாம் வகுப்பு செண்பகத்தின் ஞாபகம் வந்தது. தட்டைக் கழுவப் போவாள், தட்டில்லாமல் திரும்பி வருவாள். எங்கேடி தட்டு என்றால் கையைப் பார்ப்பாள், அப்போதுதான் கை காலியாக இருப்பது அவளுக்குத் தெரியும். "வாரப்பவே மூளைய வீட்டுல கழட்டி வச்சுட்டு வருவியோ" என்று நான் அவளைப் பிள்ளைகள் முன்னால் கேட்டிருக்கிறேன். எத்தனை தரம் கேட்டிருப்பேன். பிள்ளைகள் எல்லாம் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். கிளம்பும்போது அந்த டாக்டர் பிள்ளையிடம், இது சரியாகுமா என்று கேட்டேன். "கொஞ்சம் சரியாகும். மீதிக்கு வெளியில இருந்து முட்டுக் கொடுக்கணும். உள்ள இல்லாததை வெளியில வச்சுக்கணும். அடுப்புகிட்ட மட்டும் தனியா நிக்காதீங்க, உங்களுக்கு கேஸ் வாசமும் தெரியாது. வேலை செய்யுற இடத்துல நீங்களே சொல்லிருங்க, யாரோ சொல்லித் தெரியுறதைவிட அது நல்லது." சொல்லிவிடுகிறேன் என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். டீச்சர், போன வருஷம் கார்த்திகையிலே. இல்லை. டீச்சர், எனக்கு வாசம் தெரியாது. அதுவும் இல்லை, அதிலிருந்து அடுப்புக்கு எப்படிப் போவேன். டீச்சர், செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்று ஆரம்பித்தால் மாரிக்கனி சேலை வந்துவிடும், அவள் மறைத்ததும் வந்துவிடும். அவளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போகக் கூடாது, மகள் கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, தறி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. ஆனால் அதைவிட, இது என் கூடம். இந்த அண்டாவை நான்தான் தேய்த்து வெள்ளையாக்கினேன். இந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தான் தட்டை நீட்டுகின்றன. இங்கே நான் இருக்க வேண்டும், யாருக்கும் கெடுதல் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு வழி இருக்கும். உப்பை ஒருத்தி ஒரு வருஷம் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முடியுமென்றால், எனக்குத் தெரிந்தே இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாமே.

"ஆயா, இன்னைக்கு என்ன?" வாசலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு நிற்கிறது. சாம்பார் சாதம் என்கிறேன். "முட்ட?" உண்டு என்கிறேன். "எனக்கு மஞ்சக்கரு வேண்டாம்." சரி, போ. ஓடிவிட்டது. எவ்வளவு நேரமாக இங்கே நின்றதோ. ரிப்பனை யார் கட்டிவிட்டார்களோ, அவிழ்ந்து கிடக்கிறது. நல்லது, நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, அந்தப் பிள்ளை கூப்பிட்டதில் எழுந்திருப்பேன், ஒரு குரல் போதும் எனக்கு. எழுந்து அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அண்டா ஏறியிருக்கிறது. இடது கையில் தீப்பெட்டி இருக்கிறது. வலது கையில் குச்சி இருக்கிறது. குச்சியின் தலை பெட்டியின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அடுப்பைத் தொடாதே என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. சத்தியம் மறக்கவில்லை. இப்போதும் காதில் இருக்கிறது. காதில் இருக்கும்போதேதான் கை இங்கே வந்திருக்கிறது. திருகைத் திறந்தேனா? முட்டை உண்டு என்று சொன்னபோது திறந்தேனா, மஞ்சக்கரு வேண்டாம் என்றபோதா, இல்லை இன்னும் திறக்கவே இல்லையா. மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. எனக்கு எப்போதும் ஒன்றும் இல்லைதான். கேஸ் நிரம்பிக் கிடந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு தொடங்கவில்லை, பிள்ளைகள் இன்னும் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆடாதே ஆவுடை. ஒன்று. ஒன்றே ஒன்றை மட்டும் செய். குச்சியைப் பெட்டிக்குள் போடு. போட்டேன். பெட்டியை மூடு. மூடினேன். வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்கு நானே கேட்கிற மாதிரி, ஒரு குரல் போதும் என்றால் அது என் குரலாகவே இருக்கட்டும். பெட்டியை வெளியே எறி. ஜன்னல் வழியாக எறிந்தேன். குனிந்து பார். திருகு திறந்திருக்கிறது. முழுசாகத் திறந்திருக்கிறது, காதைக் கிட்டக் கொண்டுபோனால் பாம்பு மாதிரி ஒரு சன்னமான இரைச்சல். மூடு. மூடினேன். ஸ்விட்சைத் தொடாதே. கதவை அகலத் திற, இரண்டாவது கதவையும் திற. திறந்தேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் வந்து நின்றேன். காற்று வந்தது. காற்று உள்ளே போய் வரட்டும் என்று நூறு எண்ணினேன், எண்பதில் விட்டுப்போயிற்று, முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். நின்றபடியே எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்துவிட்டது, இந்தப் பதினாலு மாதத்தில் எனக்கு இவ்வளவு தெளிவாக எதுவும் தெரிந்ததில்லை. நான் கவனமாக இருக்கிறேன் என்று சொல்வது பிரயோஜனமில்லை. சத்தியம் பண்ணுவது பிரயோஜனமில்லை. கவனமாக இருக்கிற இடத்தில்தானே அடி. நான் நினைத்தாலும் முடியாதபடி செய்ய வேண்டும். உள்ளே போனேன். சிலிண்டருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ரெகுலேட்டரை அணை என்றேன், அணைத்தேன். வளையத்தைத் தூக்கு என்றேன், தூக்கினேன். இழு என்றேன். டக்கென்று கையோடு வந்துவிட்டது. சிலிண்டர் வாயில் மூடியை வைத்து அழுத்தினேன். ரப்பர் குழாய் முனையிலிருந்து ரெகுலேட்டரைத் திருகிப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். ஒன்பதே கால் பஸ் வந்துவிட்டது. பெரிய டீச்சர் குடையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக உள்ளே போய் அவர்கள் மேஜையில், வருகைப் பதிவேட்டுக்கு மேலே, அதை வைத்தேன்.

"என்ன ஆவுடை இது? சிலிண்டர் தீந்துட்டா?"

"டீச்சர், போன வருசம் கார்த்திகையில எங்க வீட்டுக்காரர் வண்டியில" என்று ஆரம்பித்துவிட்டேன். தப்பாகத்தான் ஆரம்பித்தேன். நிறுத்தினேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குக் கேஸ் வாசம் தெரியாது டீச்சர். செவ்வாய்க்கிழமை திறந்து போட்டுட்டுக் குச்சி உரசிட்டேன். இப்பயும் திறந்து போட்டிருந்தேன், உரசல. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துட்டேன், தலையில அடிபட்டதுனால வந்தது, எனக்கு ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு பிடிபட மாட்டேங்குது. சமையல் எனக்கு மறக்கல."

டீச்சர் என் புருவத்தைப் பார்த்தார்கள். மை தீட்டி மறைத்திருந்தேன், செவ்வாய்க்கிழமையே கவனித்திருக்கிறார்கள் போலும். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்கள். "வேலை போயிரும்னு பயமில்லையா ஒனக்கு?"

"இருக்கு டீச்சர்."

"நான் மேல எழுதித்தான் ஆகணும், தெரியுமில்ல?"

"எழுதுங்க. என்ன எழுதணும்னு அந்த டாக்டரே சொல்லும். இத மட்டும் வாங்கிக்கோங்க."

அவர்கள் கையை நீட்டவில்லை. ரெகுலேட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"பூட்டி வைங்க. நான் கேட்டா தராதீங்க. அழுதாலும், நேரமாச்சு, பிள்ளைக பசியோட நிக்குன்னு சொன்னாலும் தராதீங்க. மாரிக்கனி வந்து கேட்டா மட்டும் அவ கையில குடுங்க. அவதான் மாட்டணும், அவதான் பத்தவைக்கணும், அவதான் அணைச்சுக் கழட்டி மறுபடி இங்க கொண்டாந்து வைக்கணும். நான் பக்கத்துல நின்னு ஆக்குதேன்."

டீச்சர் எழுந்து பீரோவைத் திறந்து, சாக்பீஸ் டப்பாக்களை ஒதுக்கி, அதை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். சாவியைத் தன் கைப்பையில் போட்டார்கள். நான் பூட்டைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகு கூடத்துக்குப் போய், அரைப் பூசணிக்காயையும் அரிவாள்மனையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, மாரிக்கனி வரும் வரைக்கும் தீ வேண்டாத வேலையாக, டீச்சர் கண்ணில் படுகிற மாதிரி வராந்தாவில் உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தேன்.